வளையத்துக்குப் பின்னால் போன நட்சத்திரம்

"கண்ணை எடுக்காதீங்க காக்கூ" என்றான் நிதின், பாதி இந்தியும் பாதி மராத்தியுமாக. காக்கூ என்றால் மராத்தியில் சித்தி. இருட்டில் அவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்றே எனக்குத் தெரியவில்லை.

செண்பகம் கண்ணை எடுக்கவில்லை. ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து, முதுகை வளைத்து, வலது கண்ணைத் தொலைநோக்கியில் பதித்திருந்தாள். அவள் காலடியில் ஒரு சின்னப் பெட்டி நொடிக்கொரு தரம் 'டிக்' என்றது. பக்கத்தில் குரல் பதியும் கருவி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த 'டிக்'கைத் தவிர அந்த மேட்டில் வேறு சத்தமே கிடையாது. ஊருக்குள் இருக்கும்போது சத்தம் சத்தம் என்று அலுத்துக்கொள்கிறோமே, சத்தமே இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். யாரோ பக்கத்தில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றே தோன்றும். நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். சீதாப்பழச் செடிகள்தான் நின்றன.

என் கையில் செண்பகத்தின் ஃபோன். வெளிச்சம் கசியக் கூடாதென்று அதை என் குரங்குக் குல்லாவுக்குள் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான். அந்த ஃபோன் அடித்தால் எடுக்க வேண்டும்.

அவளுடைய மகன் கதிரைக் காணவில்லை. சரக்குக் கப்பலில் இன்ஜினியர். கப்பல் எங்கோ நடுக்கடலில் மூழ்கிவிட்டது. ஆட்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறங்கியிருக்கிறார்கள். ஒரு படகு கிடைத்துவிட்டது, அதில் கதிர் இல்லை. இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இதை எழுதலாமா என்று போன வாரம் அவளிடம் கேட்டேன். "எழுதுடி. ஆனா என்னைப் பெரிய தியாகி மாதிரி எழுதினேன்னு வை, உன் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்றாள். ஆகவே உள்ளது உள்ளபடி.

இரண்டு கிழவிகளும் ஒரு கிளப்பும்

நானும் செண்பகமும் கேம்ப் என்கிற கடைவீதிப் பகுதியில் ஒரே வங்கிக் கிளையில் குப்பை கொட்டியவர்கள். நான் கோவில்பட்டி, அவள் தென்காசி. அவள் கேஷ் கவுண்டரில் இருந்தாள். கள்ள நோட்டு என்றால் கையில் வாங்கும் முன்பே முகத்தைச் சுளிப்பாள். அப்படி ஒரு கண்.

ஓய்வு பெற்ற பிறகு இருவருக்கும் விமான் நகரில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடம். அவள் கணவர் சுந்தரம் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பேச்சு குறைவு. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்று தீபாவளி.

வானம் பார்க்கும் கிளப்பில் சேர்ந்தது என் யோசனை இல்லை, சத்தியமாக இல்லை. மகர்பட்டா ஐ.டி. பையன்கள் நடத்துவது அது. கதிர் கப்பலிலிருந்து, "அம்மா, இங்கே ராத்திரி வானம் எப்படி இருக்கு தெரியுமா" என்று ஒரு தரம் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். மகன் பார்க்கும் வானத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்று இவளுக்கு வந்துவிட்டது. துணைக்கு நான். எனக்கு நட்சத்திரத்தைவிட அவர்கள் சாப்பிடக் கொண்டு வரும் காரசாரமான மிசல் பாவில்தான் அக்கறை.

கிளப்பை நடத்தும் நிதினுக்கு முப்பது வயது இருக்கும். கண் பரிசோதனை மாதிரி எல்லோருக்கும் ஏதோ வைத்துப் பார்த்தான். மங்கலான நட்சத்திரம் தெரிகிறதா, எப்போது மறைகிறது, எப்போது திரும்புகிறது என்று. பையன்கள் எல்லோரையும் செண்பகம் ஊதித் தள்ளிவிட்டாள்.

கோலா வண்டி முன்னால்

சனிக்கிரகத்தின் வளையம் என்றால் நான் நினைத்திருந்தது ஒரு தகடு. இசைத்தட்டு மாதிரி, ஒரே துண்டாக, கிரகத்தைச் சுற்றி மாட்டியிருக்கும் என்று. இந்த வயது வரை அப்படித்தான் நினைத்திருந்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

நிதின் ஒரு சாயங்காலம் எங்களைக் கேம்ப்பில் ஐஸ் கோலா வண்டி முன்னால் நிறுத்தினான். வண்டிக்காரர் கட்டி ஐஸைச் சீவிக்கொண்டிருந்தார். சீவல் பறந்து என் கண்ணாடியில் ஒட்டியது.

"இதுதான் காக்கூ, சனியோட வளையம்" என்றான்.

விளையாடுகிறான் என்று நினைத்தேன். இல்லை. சனியின் வளையம் ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர் உறைந்த ஐஸாம். கொஞ்சம் தூசு, கொஞ்சம் கல்பொடி. மாவு போலப் பொடியும் உண்டு, கூழாங்கல் அளவும் உண்டு, வீட்டளவு துண்டுகளும் உண்டு. ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிரகத்தைச் சுற்றி ஓடுகிறது. அகலம் என்னவோ பூமியைப் பல தடவை வரிசையாக வைக்கலாம் போல. கனமோ பெரும்பாலான இடத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் உயரம்கூட இருக்காது.

"மற்ற கிரகத்துக்கெல்லாம்?" என்றாள் செண்பகம். காலா கட்டா என்கிற நாவல்பழச் சாறு ஊற்றிய கோலாவை உறிஞ்சி அவள் நாக்கு ஊதாவாகியிருந்தது.

வியாழனுக்கும் வளையம் இருக்கிறதாம். அது வெறும் தூசு. அதன் குட்டி நிலாக்கள் மேல் விண்கற்கள் வந்து மோத, அவற்றிலிருந்து எழும்பிய தூசு. நெப்டியூனுக்கும் தூசுதான் அதிகம். அதிலும் சில இடத்தில் மட்டும் திரண்டு கிடப்பதால், முதலில் பார்த்தவர்கள் பாதி வளையம் என்றே நினைத்தார்களாம்.

யுரேனஸ் கதையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதன் வளையம் கரி மாதிரிக் கறுப்பு. அங்கேயும் ஐஸ் உண்டு, ஆனால் அதோடு கலந்து கிடக்கும் ஏதோ பொருள் கதிர்வீச்சில் கறுத்துப் போயிருக்கிறது என்கிறார்கள். ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் யுரேனஸ் கடந்து போவதைப் பார்க்க விஞ்ஞானிகள் காத்திருந்தார்கள். கிரகம் வரும் முன்பே நட்சத்திரம் விட்டு விட்டுச் சிமிட்டியது. கிரகம் போன பிறகும் அதே வரிசையில், தலைகீழாக, திரும்பவும் சிமிட்டியது. நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியவில்லை என்று அப்படித்தான் புரிந்ததாம்.

எனக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது. நடுச் சாலை, எதிரே பேருந்து ஹாரன், ஆட்டோக்காரன் கத்துகிறான், எனக்கு மட்டும் குளிர்கிறது.

"இந்த ஐஸ் எல்லாம் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"தெரியலை காக்கூ. ஒரு நிலா சனிக்கு ரொம்பக் கிட்டப் போயிருக்கலாம். ஒரு எல்லைக்குள்ள போனா கிரகத்தோட இழுப்பு தாங்காம நிலா பிய்ஞ்சு போயிடும். அந்தத் துண்டுங்கதான் இதுன்னு சில பேர் சொல்றாங்க. அதுவும் நிக்காது. கொஞ்சம் கொஞ்சமா மழை மாதிரி சனிக்குள்ளேயே விழுந்துட்டிருக்கு."

ஒரு நிலாவின் சிதறலைத்தான் படத்தில் பார்த்து அழகு அழகு என்கிறோம். என் கோலா பாதியில் கையிலேயே கரைந்தது.

"பிள்ளையைக் காணோம், இவ வானம் பார்க்கப் போறா"

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு நட்சத்திரம் சனியின் வளையங்களுக்குப் பின்னால் போகப் போகிறது என்று நிதின் துள்ளிக்கொண்டிருந்தான். வளையங்கள் நம் பக்கம் சாய்ந்து நன்றாகத் திறந்து தெரிந்த காலம் அது. நட்சத்திரத்தின் வெளிச்சம் எந்த இடத்தில் எவ்வளவு மங்குகிறது என்று பார்த்தால், அங்கே ஐஸ் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று தெரியும். விளக்குக்கு முன்னால் துணியைப் பிடித்து நெசவு பார்க்கிற மாதிரி.

கேமராவும் உண்டு. ஆனாலும் அந்தக் கிளப்பில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. கேமரா ஒரு பக்கம் ஓட, இன்னொரு தொலைநோக்கியில் ஒரு மனுஷக் கண்ணும் இருக்க வேண்டும். பார்ப்பவர் பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல, நேரப்பெட்டியின் 'டிக்'கோடு சேர்ந்து குரல் பதிவாகும். அந்தக் கண் செண்பகம் என்று முன்பே முடிவாகியிருந்தது.

பிறகுதான் கப்பல் செய்தி வந்தது. நிதினே ஃபோன் பண்ணி, "காக்கூ வேண்டாம், நாங்க பார்த்துக்கறோம்" என்றான். இவள் "வரேன்" என்றாள்.

வீட்டில் உறவு சனம் நிறைந்திருந்தது. சுந்தரத்தின் தங்கை தாதரிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். "பெத்த பிள்ளையைக் காணோம், இவ வானம் பார்க்கப் போறாளாம். அதுவும் சனியை! கேக்கவே நல்லாருக்கா?" என்று எனக்குக் கேட்கும்படிச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன். செண்பகம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

லிஃப்டில் சொன்னாள்: "அந்த ஹால்ல எல்லாரும் என் மூஞ்சியையே பார்க்குறாங்க வசந்தா. நான் எப்ப அழுவேன்னு காத்திருக்காங்க. அங்கே இருந்தா நான் அவங்க சொல்றதை நம்பிடுவேன்."

சுந்தரம் வாசல் வரை வந்தார். "ஃபோன் வந்தா சொல்றேன்" என்றார். அவர் கணக்கில் அது நீண்ட பேச்சு.

வாய்க்கு வராத வார்த்தை

திவே காட் மலைப்பாதை ஏறி சாஸ்வட் பக்கம் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சனி மேற்கே மஞ்சளாக எட்டிப் பார்த்தது.

நிதின் பாடம் எடுத்தான். நட்சத்திரம் மறைந்தால் 'கேலா', திரும்பி வந்தால் 'ஆலா'. போயிற்று, வந்தாயிற்று. மராத்தியில் கிளப் முழுக்க அதைத்தான் சொல்லும்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் செண்பகம்.

"ஏன் காக்கூ?"

"விளக்கு வைக்கிற நேரத்துல ஒரு வெளிச்சத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல மாட்டேன்."

நம் வீடுகளில் விளக்கு அணைந்தது என்று யார் சொல்கிறார்கள்? குளிர வை என்போம், மலையேறிவிட்டது என்போம். ஒரு பிள்ளை கடலில் இருக்கும்போது சொல்வாளா? இதை இந்தியில் விளக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நிதின் தலையைச் சொறிந்தான். "ஏதாவது ஒரு வார்த்தை, ஆனா கடைசி வரைக்கும் அதே வார்த்தை" என்றான்.

'மறைஞ்சிருக்கு', 'தெரியுது'. இந்த இரண்டை அவளே தேர்ந்தெடுத்தாள்.

எல்லாருடைய ஃபோனும் ஒரு பையில் போய்க் காரில் உட்கார்ந்தது. இருட்டுக்குப் பழகின கண்ணில் ஒரு துளி வெளிச்சம் பட்டால் எல்லாம் வீண். செண்பகத்தின் ஃபோன் மட்டும் என் குல்லாவுக்குள். பிறகு விளக்குகள் அடங்கின. நாங்கள் ஆறேழு பேரும் முகமில்லாமல் போனோம்.

முதலில் வெளி வளையம். "மங்குது" என்றாள் செண்பகம். "தெரியுது. மங்குது. மினுங்குது." அவள் குரல் அவளுடையதாகவே இல்லை. வங்கியில் ரூபாய் எண்ணும்போது வரும் குரல் இல்லை, என்னை வையும் குரலும் இல்லை. தூங்குகிறவர்கள் பேசுகிற மாதிரி ஒரு தட்டைக் குரல்.

பிறகு வளையங்களுக்கு நடுவில் ஒரு கறுப்பு இடைவெளி உண்டே, அதற்குள் நட்சத்திரம் வந்தது. "தெரியுது! நல்லாத் தெரியுது!" என்றாள். பையன்களில் ஒருவன் மெல்லச் சிரித்தான்.

அடுத்தது நடு வளையம். வளையங்களிலேயே அடர்ந்தது. அங்கே ஐஸ் துண்டுகள் நெருக்கியடித்து ஓடுகின்றன, வெளிச்சம் ஊடுருவவே விடாது என்று நிதின் முன்பே சொல்லியிருந்தான். கால் மணி நேரத்துக்கு மேலாகவே நட்சத்திரம் கண்ணில் படாது.

"மறைஞ்சிருக்கு" என்றாள்.

குல்லாவுக்குள் வெளிச்சம்

டிக். டிக். டிக். ஒன்றும் நடக்காத நேரம் அது. யாரும் அசையவில்லை. குளிர் தரையிலிருந்து ஏறியது. அவள் கண்ணை எடுத்திருக்கலாம், கொஞ்சம் முதுகை நிமிர்த்தியிருக்கலாம். செய்யவில்லை. இல்லாத ஒன்றை அப்படி ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

திடீரென்று "தெரியுது" என்றாள்.

கேமராப் பக்கம் இருந்த பையன் திடுக்கிட்டு நிதினிடம் ஏதோ கிசுகிசுத்தான். கேமராவில் ஒன்றுமே இல்லை. வெறும் வளையம்.

"தெரியுது" என்றாள் மறுபடி. ஒரு மூச்சு விட்டு, "மறைஞ்சிருக்கு."

அந்த நேரம் பார்த்து என் நெஞ்சில் ஃபோன் அதிர்ந்தது. குல்லாவின் கம்பளி இழைகளுக்கு நடுவே நீல வெளிச்சம். நான் அதைப் புடவைக்குள் புதைத்துக்கொண்டு கார் பக்கம் ஓடினேன். சீதாப்பழச் செடி முகத்தில் அடித்தது.

சுந்தரம்தான்.

"படகு கிடைச்சுடுச்சு வசந்தா" என்றார். எனக்கு ஒரு நொடி சந்தோஷம் பொங்கிவிட்டது. "கவுந்து கிடந்துச்சாம். அதுல யாரும் இல்லை. அவன் சட்டை... பேர் தைச்சிருக்குமே, அது மாட்டிக்கிட்டு இருந்துச்சாம். இனிமே தேடப் போறதில்லைன்னு சொல்லிட்டாங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அவகிட்ட இப்ப சொல்லாதே. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடு. நான் சொல்லிக்கிறேன்."

ஃபோன் அணைந்தது. கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே வானம் முழுக்கக் கொட்டிக் கிடந்தது. எனக்கு அதன்மேல் அருவருப்பாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

கேமரா பார்க்காததை அவள் எப்படிப் பார்த்தாள் என்று பிற்பாடு நிதினிடம் கேட்டேன். அந்த வளையத்திலும் மெல்லிய இடுக்குகள் இருக்கலாம், கேமரா தவறவிட்டிருக்கலாம் என்றான். ரொம்ப நேரம் இருட்டையே பார்த்தால் கண்ணே வெளிச்சத்தை உண்டாக்கும் என்றும் சொன்னான். இரண்டில் எதை நம்புவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

"இப்போ சொல்லு"

திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றேன். அடி மேல் அடி வைத்துத்தான் வந்தேன். என் மூச்சைக்கூட நான் சரியாகத்தான் விட்டேன் என்று நினைக்கிறேன்.

"யாரு?" என்றாள், கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்லைடி. சார்ஜ் இருக்கான்னு பார்த்தேன்."

டிக். டிக். நம் ஆட்கள் எப்போது 'ஒண்ணுமில்லை' என்று சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? சாவுச் செய்தியை யார் நேராகச் சொல்லியிருக்கிறோம்? 'கொஞ்சம் சீரியஸ், உடனே புறப்பட்டு வா' என்போம். அவள் அப்பா போனபோது அவளிடம் அப்படிச் சொல்லி ரயில் ஏற்றியதே நான்தான்.

ஸ்டூல் ஒரு தரம் கிரீச்சிட்டது. கண் மட்டும் அசையவில்லை.

எவ்வளவு நேரம் போயிற்றோ. "தெரியுது" என்றாள். இந்தத் தடவை கேமராப் பையனும் "ஆலா, ஆலா!" என்று கத்தினான். நட்சத்திரம் உள் வளையத்துக்கு வந்திருந்தது. அது மெல்லிய வளையம், சல்லாத் துணி மாதிரி. வெளிச்சம் தடையில்லாமல் வரும், கொஞ்சம் மங்கி.

"இப்போ சொல்லு வசந்தா" என்றாள்.

"என்னத்தைடி?"

"அவர் சொன்னதை. வீட்டுல போய் அத்தனை பேர் முன்னாடி என்னால கேக்க முடியாது. நீ சொல்லு."

கருவி ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன். படகு, சட்டை, தேடுவதை நிறுத்தியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நேரான தமிழில் நான் யாரிடமும் எதையும் சொன்னதில்லை. சுற்றி நின்ற மராத்திப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் ஒவ்வொருவராக அசைவை நிறுத்தினார்கள்.

அவள் அழவில்லை. கத்தவில்லை. நான் அவள் முதுகில் கை வைத்தேன். புடவை ஈரமாக இருந்தது, பனியா வியர்வையா தெரியவில்லை.

"போலாம்டி, எழுந்திரு" என்றேன்.

"இரு. இன்னும் இருக்கு."

எனக்குப் பயமாகிவிட்டது. பித்துப் பிடித்துவிட்டதோ என்றே நினைத்தேன். அவளோ மறுபடி அதே தட்டைக் குரலில் சொல்லத் தொடங்கினாள். "மங்கலா இருக்கு. இருக்கு. தெரியுது." வளையம் தீர்ந்தது. வளையத்துக்கும் கிரகத்துக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தில் நட்சத்திரம் தெளிவாக நின்றது. "தெரியுது... தெரியுது..." ஒவ்வொரு தடவையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல.

இனி மிச்சம் சனியின் உடல்தான். அதற்குப் பின்னால் போனால் மணிக்கணக்கில் வராது. அதற்குள் சனியே மலைக்குக் கீழே இறங்கிவிடும்.

விவரம் தெரியாத நிதின், "காக்கூ, கடைசி. தயாரா?" என்றான்.

கிரகத்தின் ஓரத்தில் நட்சத்திரம் சட்டென்று அறுபடாதாம். சனியின் காற்று கனக்கக் கனக்க, மெதுவாகத்தான் தேயுமாம். பார்த்தவள் அவள் ஒருத்திதான். நான் பார்த்தது அவள் உதட்டை மட்டும், அதுவும் பழகிப்போன இருட்டில்.

'மறைஞ்சிருக்கு' என்று அவள் சொல்லவில்லை.

"போயிட்டு வா கண்ணு" என்றாள்.

அப்புறம் கண்ணை எடுத்தாள். ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. நானும் நிதினும் ஆளுக்கொரு கை கொடுத்தோம். நின்று, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"சீக்கிரம் வா வசந்தா. அவர் அங்கே தனியா இருக்கார்."